இரும்புச் சாவியும் வானொலிச் சாவியும்



ரந்தாவுக்கு அருகே உள்ள ஒரு செம்பனைத் தோட்டத்தில் சில ஆண்டுகளுக்கு முன் நடந்த நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லி இன்றைய பேச்சைத் தொடங்குகிறோம். மழைக்காலம், நள்ளிரவு கடந்த நேரம். எம் பள்ளியில் மூன்றாம் ஆண்டு படித்துவந்த சிறுமி ஒருத்திக்குத் திடீரென்று மூச்சிழுப்பு வந்துவிட்டது. அவளுடைய தந்தை தோட்டத்தில் லோரி ஓட்டுபவர். பல ஆண்டுச் சேமிப்பைப் போட்டு, அவ்வாண்டுதான் பழைய கார் ஒன்றைத் தவணையில் எடுத்திருந்தார். மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு வாசலுக்கு ஓடிவந்தவர், சாவியில் இருந்த பொத்தானை அழுத்தினார். கார் அசைந்து கொடுக்கவில்லை. மீண்டும் அழுத்தினார், மாறிமாறி அழுத்தினார். கதவு திறக்கவில்லை. லயத்தில் இருந்தவர்கள் எழுந்து வந்து ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கடைசியில் அடுத்த லயத்து அண்ணன் ஒருவரை எழுப்பி, அவருடைய வேனில் சிரம்பான் மருத்துவமனைக்குப் புறப்படுவதற்குள் அரைமணி நேரத்துக்கு மேல் ஓடிவிட்டது.

நல்லவேளையாகக் குழந்தை பிழைத்துக்கொண்டது. ஆனால் விடியற்காலையில் வீடு திரும்பிய தந்தை, மூத்த மகனைப் பிடித்து அடித்துவிட்டார். முதல்நாள் அந்தப் பையன் சாவியைக் கையில் வைத்து விளையாடிக்கொண்டிருந்தானாம். அவன்தான் கெடுத்திருக்க வேண்டும் என்பது அவருடைய முடிவு. காலையில் பழுது பார்ப்பவர் வந்தார். சாவியின் ஓரத்தில் இருந்த ஒரு சிறு தாழை நகத்தால் தள்ளி, உள்ளேயிருந்து ஓர் இரும்புச் சாவியை உருவினார். கதவுப் பிடியின் ஓரத்தில் இருந்த மூடியைக் கழற்றினார். அதன் கீழே சாவித் துவாரம் இருந்தது. கதவு திறந்துகொண்டது. பிறகு சாவியின் வயிற்றைத் திறந்து ஐம்பது காசு அளவுள்ள ஒரு மின்கலத்தை எடுத்துக் காட்டி, "இது தீர்ந்துபோய்விட்டது. வேறொன்றுமில்லை" என்றார்.

அந்தத் தந்தை வெகுநேரம் பேசவில்லை. தேடிய சாவி இரவு முழுவதும் அவர் கைக்குள்ளேயே இருந்திருக்கிறது. பையன் வாங்கிய அடியோ வீண் அடி.

நேயர்களே, ஒரு பொருளின் வரலாறு தெரிந்தால் அதன் பழுதும் பாதி தெரிந்த மாதிரிதான். இன்று நம் சட்டைப்பையில் இருக்கும் கார்ச் சாவி ஒரு பொருளன்று, நான்கு பொருள்கள். இரும்பு, மின்சாரம், வானொலி, எண் ஆகிய நான்கும் வெவ்வேறு காலத்தில் வந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. சாவி வேலை செய்யவில்லை என்றால், இந்த நான்கு அடுக்குகளில் ஏதோ ஒன்றுதான் நின்றிருக்கும். எது நின்றது என்று அறிந்துகொள்ள, அவை வந்த வரிசையை முதலில் பார்ப்போம்.

முதல் அடுக்கு இரும்பு. அதற்கும் முன்னே மரம் இருந்தது. பழைய எகிப்து நாட்டில் மரத்தாலான பூட்டுகள் வழங்கின. தாழ்ப்பாளில் உள்ள குழிகளில் சிறு மரமுளைகள் விழுந்து அதனை நகரவிடாமல் தடுக்கும். பல் வைத்த மரச்சாவியை நுழைத்து முளைகளை மேலே தூக்கினால் தாழ்ப்பாள் நகரும். இதே தத்துவத்தைச் சிறிய உலோகப் பூட்டாகச் செம்மைப்படுத்தி, அமெரிக்கரான லைனஸ் யேல் என்பவர் 1861இல் காப்புரிமை பெற்றார். இன்று நம் வீட்டுக் கதவுகளில் உள்ள பூட்டுகளில் பெரும்பாலானவை அந்த வழிவந்தவையே.

நம் தமிழகத்திலோ பூட்டு என்றவுடன் நினைவுக்கு வருவது திண்டுக்கல். அங்கே கைவினைஞர்கள் இரும்பை அறுத்து, அராவி, நெம்புத் தகடுகளை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பூட்டுச் செய்தார்கள். மாங்காய் வடிவில் இருப்பதால் மாங்காய்ப் பூட்டு என்று பெயர்பெற்ற பூட்டு அவ்வூருக்கே உரியது. வீடுகளுக்கு மட்டுமன்றிக் கோயில்களுக்கும் கிடங்குகளுக்கும் திண்டுக்கல் பூட்டுகள் சென்றன. இயந்திரத்தில் மலிவாகச் செய்யப்படும் பூட்டுகள் வந்தபின் அத்தொழில் நலிந்தது. எனினும் 2019ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

நெம்புத் தகட்டுப் பூட்டின் சூட்சுமத்தை இங்கே மனத்தில் நிறுத்திக்கொள்வது நல்லது. உள்ளே பல தகடுகள் இருக்கும். சாவியின் ஒவ்வொரு பல்லும் ஒவ்வொரு தகட்டைத் தூக்கும். ஒவ்வொன்றும் தனக்குரிய உயரத்துக்குத் தூக்கப்பட வேண்டும். குறைந்தாலும் திறக்காது, கூடினாலும் திறக்காது. இந்த முறையை இங்கிலாந்தில் ராபர்ட் பேரன் என்பவர் 1778இல் காப்புரிமை செய்தார். ஆக, சாவியின் பற்கள் என்பவை ஒரு வகையில் எண்களே. மூன்று, ஐந்து, இரண்டு, நான்கு என்று உயரங்களை இரும்பில் எழுதிவைத்திருக்கிறோம். பூட்டு அதைப் படித்துப் பார்த்துத் திறக்கிறது. பின்னால் வானொலிச் சாவியைப் பற்றிப் பேசும்போது இந்தக் கருத்து உதவும்.

நம் முன்னோர் இந்நாட்டுக்குக் கப்பலேறியபோது அவர்களுடன் பூட்டும் வந்தது. 1926இல் கட்டப்பட்ட ரஜூலா என்னும் கப்பல் சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் பல பத்தாண்டுகள் ஓடியதை மூத்த நேயர்கள் அறிவீர்கள். அதில் வந்தவர்களின் சொத்தெல்லாம் ஒரு தகரப்பெட்டிக்குள் அடங்கியது. எம் பாட்டியாரின் பெட்டியில் ஒரு மாங்காய்ப் பூட்டு தொங்கியது. சாவி அவர் இடுப்பு முடிச்சில் இருக்கும். லயத்து வீட்டில் திருடுவதற்குப் பெரிதாக ஒன்றுமில்லாத காலம் அது. ஆயினும் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரமும் அடையாள அட்டையும் ஒரு தோடும் அந்தப் பெட்டிக்குள் இருந்தன. சாவி தொலைந்தால் குடும்பத்தின் முகவரியே தொலைந்த மாதிரி.

இரண்டாவது அடுக்கு மின்சாரம். தொடக்ககாலக் கார்களுக்குச் சாவியைக் காட்டிலும் கைவலிமையே தேவைப்பட்டது. முன்புறத்தில் ஓர் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுழற்றினால்தான் இயந்திரம் ஓடத் தொடங்கும். சில சமயம் அது திருப்பியடித்துக் கையை முறித்துவிடுவதும் உண்டு. சார்லஸ் கெட்டரிங் என்ற அமெரிக்கப் பொறியாளர் மின்சாரத்தால் இயந்திரத்தைச் சுழற்றும் முறையைக் கண்டார். 1912ஆம் ஆண்டின் கெடிலாக் கார்களில் அது பொருத்தப்பட்டது. அப்போதும் சாவி மின்சாரத்தைத் திறந்துவிட மட்டுமே பயன்பட்டது. இயந்திரத்தை முடுக்கத் தனியே ஒரு பொத்தானை மிதிக்கவோ அழுத்தவோ வேண்டியிருந்தது. சாவியைத் திருப்பினாலே இயந்திரம் ஓடத் தொடங்கும் வசதியை 1949இல் கிரைஸ்லர் நிறுவனம் கொண்டுவந்தது.

தோட்டத்தில் அந்நாளில் கார் என்றால் அது துரையின் கார்தான். நம்மவர்க்குச் சைக்கிள், பிறகு மோட்டார் சைக்கிள். 1985இல் நாட்டின் முதல் தேசியக் காரான புரோட்டோன் சாகா வெளிவந்தது. 1994இல் பெரோடுவா நிறுவனத்தின் சிறிய காரான கஞ்சில் வந்தது. அதன் பிறகுதான் தொழிலாளர் வீட்டு வாசல்களிலும் கார்கள் நிற்கத் தொடங்கின. ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்ததும், பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளானதும் நாம் கண்ணால் கண்டவை. பிள்ளைகள் நீலாய்க்கும் செனவாங்குக்கும் தொழிற்சாலை வேலைக்குப் போகிறார்கள். இன்று கார் ஆடம்பரமன்று. வேலைக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போகும் கால். ஆகவே அதன் சாவி நின்றுபோனால் குடும்பமே நின்றுபோகிறது.

மூன்றாவது அடுக்கு வானொலி. இந்தப் பேச்சை உங்களிடம் சுமந்துவரும் அதே மின்காந்த அலைதான் உங்கள் கார்க் கதவையும் திறக்கிறது. 1890களின் நடுவில் ஜகதீஷ் சந்திர போஸ் அவர்கள் கல்கத்தா நகர மண்டபத்தில், கம்பி எதுவும் இல்லாமல் தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்து, வெடிமருந்தையும் பற்றவைத்துக் காட்டினார். 1898இல் நிக்கோலா டெஸ்லா நியூயார்க்கில் ஒரு சிறு படகை வானொலி அலையால் இயக்கிக் காட்டினார். 1901இல் மார்க்கோனி அட்லாண்டிக் பெருங்கடலைத் தாண்டிச் சைகை அனுப்பினார். அந்தப் பேரறிவு நம் சட்டைப்பைக்கு வந்துசேர ஏறக்குறைய நூறாண்டுகள் ஆயின. 1982ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பிரான்ஸ் நாட்டு ரெனோல்ட் நிறுவனம் தன் ஃபுவேகோ காரில், தூரத்திலிருந்தே கதவைப் பூட்டித் திறக்கும் கருவியை வழங்கியது. அதை வடிவமைத்தவர் பால் லிப்ஷுட்ஸ். அவர் பெயரை ஒட்டி, பிரெஞ்சு மக்கள் அத்தகைய கருவியை இன்றும் 'பிலிப்' என்று அழைக்கிறார்கள். தொடக்கத்தில் இத்தகைய கருவிகள் சில, தொலைக்காட்சி ரிமோட்டைப் போலக் கண்ணுக்குத் தெரியாத ஒளியைப் பயன்படுத்தின. நேராகக் காட்டினால்தான் வேலை செய்யும். பிறகு வானொலி அலை அந்த இடத்தைப் பிடித்தது.

ஆகவே நேயர்களே, உங்கள் சாவி ஒரு குட்டி வானொலி நிலையம். உங்கள் கார் அதற்கு ஒரே ஒரு நேயர். நாட்டுக்கு நாடு வேறுபட்டாலும், இந்தச் சாவிகள் பெரும்பாலும் 315 அல்லது 433 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுகின்றன. அதன் ஆற்றல் மிகச் சிறியது. சில பத்து மீட்டருக்கு மேல் எட்டாது. அந்த நிலையத்துக்கு மின்சாரம் தருவது ஒரு காசளவு மின்கலம். அதன்மேல் சி.ஆர். 2032 என்று பொறித்திருந்தால், முதல் இரண்டு எண்கள் குறுக்களவு 20 மில்லிமீட்டர் என்பதையும், அடுத்த இரண்டும் தடிமன் 3.2 மில்லிமீட்டர் என்பதையும் குறிக்கும். 2025 என்றால் அதே குறுக்களவு; தடிமன் 2.5 மில்லிமீட்டர். இரண்டும் 3 வோல்ட்டுத்தான். ஆனால் மெல்லியதைத் தடித்ததன் இடத்தில் போட்டால் சரியாகத் தொடாது. கடைக்குப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

நான்காவது அடுக்கு எண். இது பூட்டுக்காரனுக்கும் திருடனுக்கும் இடையே நெடுங்காலமாக நடக்கும் போட்டியில் பிறந்தது. 1851இல் இலண்டன் மாநகரில் நடந்த பெரும் பொருட்காட்சியின்போது ஹாப்ஸ் என்ற அமெரிக்கர், திறக்கவே முடியாது என்று இங்கிலாந்து பெருமை பேசிய இரு பூட்டுகளைச் சாவியின்றித் திறந்துகாட்டினார். அவற்றுள் ஒன்றுக்கு அவருக்குப் பல நாள் பிடித்தது. பூட்டுச் செய்தவர்கள் வெட்கினார்கள்; பிறகு இன்னும் நல்ல பூட்டுச் செய்தார்கள். வானொலிச் சாவியிலும் இதே கதைதான். முதலில் சாவி ஒவ்வொரு முறையும் ஒரே எண்ணைச் சொன்னது. திருடர்கள் மறைந்திருந்து அந்த எண்ணைப் பதிவு செய்து, உடையவர் போனபின் திரும்ப ஒலிபரப்பிக் காரைத் திறந்தார்கள். அதற்கு மாற்றாக, ஒவ்வொரு அழுத்தத்துக்கும் எண் மாறிக்கொண்டே போகும் உருளும் எண் முறை வந்தது. இவ்வகையில் பெரிதும் பரவிய கீலோக் என்னும் முறை, 1980களின் நடுவில் தென்னாப்பிரிக்காவில் உருவாகி, 1995இல் மைக்ரோசிப் என்ற அமெரிக்க நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. அதன் குறைகளையும் ஆய்வாளர்கள் 2007, 2008ஆம் ஆண்டுகளில் கண்டு வெளியிட்டார்கள். போட்டி இன்னும் முடியவில்லை.

உருளும் எண் எப்படி நடக்கிறது? சாவியும் காரும் ஒரே பட்டியலை வைத்திருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். பெரட்டில் பெயர் வாசிப்பதைப் போலச் சாவி அடுத்த பெயரைச் சொல்ல, கார் தன் பட்டியலில் பார்த்து ஒப்புக்கொள்கிறது. காருக்கு எட்டாத இடத்தில் குழந்தை நாலைந்து முறை அழுத்திவிட்டால் சாவி நாலைந்து பெயர் முன்னே போய்விடும். அதற்காகக் கார் கோபித்துக்கொள்வதில்லை. கீலோக் முறையில் வழக்கமாகப் பதினாறு எண்கள்வரை முன்னே போயிருந்தாலும் கார் ஏற்றுக்கொள்ளும். அதற்கும் மேல் போயிருந்தால், அருகில் நின்று அடுத்தடுத்து இருமுறை அழுத்தினால் பெரும்பாலும் மீண்டும் ஒத்துப்போகும். எனவே குழந்தை விளையாடியதால் சாவி நிரந்தரமாகக் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுவது, நாம் தொடக்கத்தில் சொன்ன தந்தையின் அவசரமே.

எண்ணில் இன்னொரு வகையும் உண்டு. சாவியின் தலைக்குள் ஒரு நுண் சில்லு இருக்கும். அது தன் எண்ணைச் சொன்னால்தான் இயந்திரம் ஓடும். ஐரோப்பாவில் 1990களில் புதுக் கார்களுக்கு இத்தகைய தடுப்பு கட்டாயமாக்கப்பட்டது. பிறகு உலகெங்கும் பரவியது. இந்தச் சில்லுக்கு மின்கலம் வேண்டியதில்லை. காரில் உள்ள ஒரு கம்பிச்சுருள் அதற்குத் தேவையான மின்சாரத்தைக் காற்றிலேயே ஊட்டுகிறது. மின்கலம் செத்துப்போன சாவியாலும் காரை ஓட்டலாம் என்பதன் இரகசியம் இதுதான்.

வரலாறு போதும். இனி, ஒருநாள் உங்கள் சாவி பேசாமல் போனால் என்ன செய்வது? பதற்றப்படாமல் இந்த நான்கு அடுக்குகளையும் வரிசையாக விசாரியுங்கள்.

நேரம் முக்கியமானால், விசாரணையைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் இரும்பிடம் போங்கள். சாவியின் ஓரத்தில் தாழ் உள்ளதா என்று பாருங்கள். இரும்புச் சாவி உள்ளே இருக்கும். ஓட்டுநர் கதவில் துவாரம் தெரியாவிட்டால், பிடியின் ஓரத்து மூடிக்குள் ஒளிந்திருக்கக்கூடும். இரும்பால் திறந்தால் சில கார்களில் எச்சரிக்கை ஒலி அலறும். அஞ்ச வேண்டாம், இயந்திரம் ஓடியதும் நின்றுவிடும். பொத்தான் அழுத்தி ஓடும் கார் என்றால், சாவியை அந்தப் பொத்தானோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு அழுத்துங்கள். சில கார்களில் சாவியை வைக்க வேறோர் இடம் இருக்கும். காருடன் வரும் கையேட்டில் படம் போட்டிருப்பார்கள்.

அவசரமில்லாத நேரத்தில், காரை விட்டு விலகாமல் மிக அருகில் நின்று அழுத்திப் பாருங்கள். தூரத்தில் திறக்காமல் கிட்டத்தில் திறந்தால் சாவியின் மின்கலம் இளைத்துவிட்டது என்று பொருள். வீட்டில் இரண்டாவது சாவி இருந்தால் அதை அழுத்திப் பாருங்கள். இரண்டாவது வேலை செய்தால் குற்றம் முதல் சாவியில். இரண்டுமே வேலை செய்யாவிட்டால் குற்றம் பெரும்பாலும் காரில், அல்லது காற்றில்.

காரில் என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அதன் 12 வோல்ட்டுப் பெட்டரி. காதும் வாயும் காருக்கு அதுதான். அது படுத்துவிட்டால் சாவி எவ்வளவு உரக்கக் கூப்பிட்டாலும் கார் கேட்காது. இரும்புச் சாவியால் திறந்து உள்விளக்கைப் பாருங்கள்; ஊதுகுழலை அழுத்துங்கள். விளக்கு மங்கி, ஒலி கம்மினால் உண்மை தெரிந்துவிடும்.

காற்றில் என்றால் என்ன? வானொலி கேட்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரே அலைவரிசையில் இரு நிலையங்கள் பேசினால் ஒன்றும் கேட்காது அல்லவா? 2019ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், கிளீவ்லாந்து நகரை அடுத்த நோர்த் ஓல்ம்ஸ்டெட் என்ற ஊரில் ஒரு சுற்றுவட்டாரம் முழுவதும் கார்ச் சாவிகளும் வாகனக் கொட்டகைக் கதவுகளின் ரிமோட்டுகளும் திடீரென நின்றுவிட்டன. மக்கள் என்னென்னவோ சந்தேகப்பட்டார்கள். வாரக்கணக்கில் தேடிய பிறகு, ஒரு வீட்டில் மின்னணுவியலில் ஆர்வமுள்ள ஒருவர் தம் சொந்த உபயோகத்துக்குச் செய்துவைத்த சிறு கருவி இடைவிடாது 315 மெகாஹெர்ட்ஸில் அலை வீசிக்கொண்டிருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. அவர் யாருக்கும் தீங்கு நினைக்கவில்லை. அவருக்கே அது தெரியாது. கருவி நிறுத்தப்பட்டதும் ஊர்ச் சாவிகளெல்லாம் உயிர் பெற்றன. ஆகவே ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் சாவி வேலை செய்யவில்லை என்றால், காரை இரும்புச் சாவியால் திறந்து வேறிடத்துக்கு ஓட்டிச் சென்று அழுத்திப் பாருங்கள். கைத்தொலைபேசியையும் சாவியையும் ஒன்றாகப் பிடித்திருந்தால் பிரித்து வையுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கார் நிறுத்துமிடங்களில் திருடர்கள் வேண்டுமென்றே இத்தகைய இடையூற்றை உண்டாக்குவதும் உலகில் நடக்கிறது. நீங்கள் பூட்டும் பொத்தானை அழுத்திவிட்டு நடப்பீர்கள், கார் பூட்டியிருக்காது. விளக்கு மின்னியதா என்று பார்த்து, கதவுப் பிடியை ஒருமுறை இழுத்துவிட்டுப் போவதே பாதுகாப்பு. பாட்டியார் பூட்டைப் பூட்டியபின் ஒரு தடவை இழுத்துப் பார்ப்பார். அந்தப் பழக்கம் இன்னும் பழையதாகிவிடவில்லை.

குற்றம் சாவியில்தான் என்று தெரிந்தால் மின்கலத்தை மாற்றுங்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அது தீர்வது இயல்பு. கைக்கடிகாரக் கடையில் சில வெள்ளிக்குக் கிடைக்கும். திறக்கும்போது எந்த முகம் மேலே இருந்தது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். தொடும் தகடுகளில் பச்சை படிந்திருந்தால் பிள்ளைகளின் அழிப்பானால் மெல்லத் துடையுங்கள். நாம் வெட்டிய பால் அந்த வேலைக்கும் உதவுகிறது! சாவி துணியோடு சேர்ந்து தண்ணீரில் நனைந்துவிட்டால், உடனே மின்கலத்தைக் கழற்றி, துணியால் ஒற்றி, நிழலில் காற்றாட நன்றாக உலரவிடுங்கள். வெயிலிலோ அடுப்பருகிலோ வைக்காதீர்கள். மின்கலம் மாற்றியும் பேசவில்லையென்றால்தான் எண் அடுக்கு பாக்கி. சில கார்களுக்குச் சாவியைக் காருடன் மறுபடி பழக்கும் முறை கையேட்டில் இருக்கும். அதுவும் பலிக்காவிட்டால் சாவிக் கடைக்கோ காரின் சேவை நிலையத்துக்கோ போக வேண்டியதுதான்.

போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள், விவரத்தோடு போங்கள். "சாவி வேலை செய்யவில்லை" என்று மட்டும் சொல்பவரிடம் எதையும் விற்கலாம். எமக்குத் தெரிந்த ஒரு தொழிலாளி, காரின் மூளைப் பெட்டியையே மாற்ற வேண்டும் என்று ஒரு பட்டறையில் சொல்லக் கேட்டு, ஒரு மாதச் சம்பளத்துக்குக் கடன் வாங்கவிருந்தார். "இரண்டாவது சாவி நன்றாக வேலை செய்கிறதே?" என்று அவர் மகள் கேட்ட ஒரு கேள்வியில் அந்தக் கடன் தப்பியது. இரண்டாவது சாவி திறந்தால் காரின் காது நன்றாகத்தானே இருக்கிறது? படிவம் நான்கில் படித்துக்கொண்டிருந்த பெண் அவள்.

இன்னொன்று: சாலையோரத்தில் வெட்டித்தரும் வெறும் இரும்புச் சாவி கதவைத் திறக்கும், ஆனால் சில்லு இல்லாததால் இயந்திரத்தை ஓட்டாது. பழைய கார் வாங்கும்போது இரண்டு சாவிகளையும் கேட்டு வாங்குங்கள். இரண்டையும் விற்பவர் முன்னிலையிலேயே அழுத்திப் பாருங்கள். இரண்டாவது சாவியைக் காருக்குள் வைக்காமல் வீட்டில் வையுங்கள்.

முடிப்பதற்கு முன் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. சாவியிலிருந்து எடுத்த பழைய மின்கலத்தை மேசையில் போட்டுவைக்காதீர்கள். மிட்டாய் போலப் பளபளக்கும் அதைக் குழந்தை விழுங்கிவிட்டால், உணவுக்குழாயில் சிக்கி இரண்டு மணி நேரத்திற்குள் கடுமையாகச் சுட்டுப் புண்ணாக்கிவிடும். காரை ஓட்ட வலுவில்லாத மின்கலத்துக்கும் குழந்தையைக் கொல்ல வலுவுண்டு. விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே போதும். வாந்தியெடுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். பழையதை ஒட்டுநாடாவால் இருபுறமும் சுற்றி, எட்டாத உயரத்தில் வைத்து, பிறகு சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

அன்பார்ந்த நேயர்களே, எகிப்தின் மரமுளையிலிருந்து திண்டுக்கல்லின் தகடுவரை, அங்கிருந்து உருளும் எண்வரை, மனிதன் ஒன்றை நீக்கிவிட்டு இன்னொன்றை வைக்கவில்லை. ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டே வந்திருக்கிறான். அதனால்தான் புதியது கைவிட்ட இரவில் பழையது கைகொடுக்கக் காத்திருக்கிறது. அது அங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே.

தொடக்கத்தில் சொன்ன அந்தத் தந்தையைச் சென்ற ஆண்டு எம் பள்ளியின் விளையாட்டு நாளில் சந்தித்தோம். மகள் இப்போது இடைநிலைப் பள்ளியில் படிக்கிறாள். ஆண்டுக்கொரு முறை, தீபாவளிக்கு வீடு கழுவும் வாரத்தில், சாவியின் மின்கலத்தை மாற்றுவது அந்த வீட்டில் வழக்கமாகிவிட்டதாம். மாற்றுபவன் அன்று அடிவாங்கிய அந்த மகன்தான். "அவனிடம் அன்றைக்கே மன்னிப்புக் கேட்டுவிட்டேன், ஐயா" என்றார் தந்தை.

இன்றிரவு படுக்கப் போகுமுன் உங்கள் வீட்டுச் சாவியைக் கையில் எடுங்கள். தாழ் எங்கே, இரும்பு எங்கே, கதவில் துவாரம் எங்கே என்று வீட்டில் வண்டி ஓட்டும் அனைவரும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. மழை பெய்யும் ஒரு நடுநிசியில் அந்த ஐந்து நிமிடம் உங்களுக்கு அரைமணி நேரத்தைத் திருப்பித் தரும்.